நடுவில் நூற்றுத் தொண்ணூறு பக்கம்

செப்டம்பர் 4

கருப்பை வாயில் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிப் பிரசவம் வரை படுக்கைதான். கழிவறைக்கு மட்டும் எழலாம். குளிக்க ஐந்து நிமிடம், அதுவும் நாற்காலியில் உட்கார்ந்து. மாடிப்படி கூடாது, குனியக் கூடாது, கோபப்படக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டுப் பூபதி சிரித்துவிட்டார். பன்னிரண்டு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற மனிதர், அவருக்குத் தெரியாதா.

இன்று இருபத்திரண்டு வாரம். இருபத்தெட்டைத் தாண்டினால் நல்லது, முப்பத்துநான்கைத் தாண்டினால் நிம்மதி என்றார் டாக்டர். இந்த எண்ணை இங்கே ஒரு முறை எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன், யார் கேட்டாலும் சொல்லவும் மாட்டேன். போன இரண்டு தடவையும் வாரம் வாரமாக எண்ணி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போதும்.

நல்ல வேளையாக வேலை இருக்கிறது. பதிப்பாளர் கதிரேசன் அண்ணா ஒரு நாவலை அனுப்பியிருக்கிறார். மாயாஜாலக் கதை. கணினியில் அச்செடுத்தால் முந்நூற்றுத் தொண்ணூறு பக்கம். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டும், அதற்குள் எடிட் செய்து தா என்கிறார். எழுதியவர் திருநெல்வேலிப் பக்கம் ரயில்வே கேட்டில் கேட் கீப்பராம். பெயர் இசக்கியப்பன். முதல் புத்தகம்.

செப்டம்பர் 5

கூரையில் மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. இந்த வீட்டில் எட்டு வருடமாக இருக்கிறேன், இன்றுதான் பார்த்தேன்.

செப்டம்பர் 9

நாவலின் பெயர் ‘நெடுங்கரை’. சும்மா சொல்லக் கூடாது, ஆள் பெரிய ஆள்.

அவர் கண்டுபிடித்திருக்கும் மாயம் இப்படி. நெடுங்கரை நாட்டில் யாராவது ஒரே ஒன்றுக்காக, ஒரே இடத்தில் காத்திருந்தால், அந்த நேரமெல்லாம் அவர் உடம்பில் சக்தியாகச் சேரும். அதற்குப் பெயர் இருப்பு. ஒரு நாழிகை காத்திருந்தால் ஒரு விளக்கை ஊதாமல் அணைக்கலாம். ஒரு வருடம் காத்திருந்தால் ஒரு பாறையை நகர்த்தலாம். ஆனால் விதிகள் உண்டு. பாதியில் எழுந்து போனால் சேர்ந்ததெல்லாம் போச்சு. சேர்ந்ததைத் தனக்காகச் செலவழிக்க முடியாது, பிறருக்காக மட்டுமே முடியும். எதற்காகக் காத்திருக்கிறோமோ அது வந்துவிட்டாலும் இருப்பு கரைந்துவிடும்.

இதில் குறும்பு என்னவென்றால், அரசன் கோட்டை வாசலில் குடிமக்களை வேண்டுமென்றே வரிசையில் நிற்க வைக்கிறான். ஒரு முத்திரைக்கு மூன்று நாள், ஒரு கையெழுத்துக்கு ஆறு மாதம். அவர்கள் உடம்பில் சேருவதை அவனுடைய ஆட்கள் உறிஞ்சி எடுத்துப் போருக்கு அனுப்புகிறார்கள். இதைப் படித்துவிட்டு, போன மாதம் ஸ்கேன் சென்டரில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நினைத்துச் சிரித்தேன். என் இருப்பை எந்த ராஜா கொண்டுபோனானோ.

முதல் நூற்று நாற்பது பக்கம் குதிரைப் பாய்ச்சல். கப்பல் எரிகிறது, பாலம் பறக்கிறது, தாழை என்கிற கப்பல்காரப் பெண் கோட்டைக்குள் புகுந்து தம்பியைத் தேடுகிறாள். மயிலக்கா சோற்றைக் கொண்டுவந்து வைத்து அரை மணி ஆகியும் நான் பார்க்கவில்லை. மயிலக்கா சமையலுக்கு வருகிறவர், அதோடு எனக்குக் காவலும்.

“பொஸ்தகத்தக் கீழ வெய் கண்ணு. உள்ள இருக்கறவங்களுக்குப் பசிக்குமல்லொ” என்றார்.

உள்ளே யாரும் இருப்பதாக இந்த வீட்டில் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மயிலக்காவிடம் சொல்லி என்ன பயன்.

செப்டம்பர் 15

நூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தாழை கடல் ஓரத்தில் ஒரு கல்லில் உட்காருகிறாள். தம்பியை ஏற்றிப்போன படகு திரும்பி வரும் என்று. முந்நூற்று முப்பதாம் பக்கம் வரை, ஏழு வருடம், உட்கார்ந்தே இருக்கிறாள்!

நூற்றுத் தொண்ணூறு பக்கம். நாற்பத்தொரு அத்தியாயம். ஒவ்வொன்றும் ‘தாழை கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்’ என்றே தொடங்குகிறது. கொக்கு வருகிறது, போகிறது. மழை பெய்கிறது, நிற்கிறது. யாரோ ஒருத்தி மீன் கூடையோடு கடந்து போகிறாள். நாளைக்கும் அவளே கடந்து போகிறாள். அதன் பிறகு முழுப் போரும் அறுபது பக்கத்தில் தடதடவென்று முடிந்துவிடுகிறது. இவ்வளவு நல்ல மாயத்தைக் கண்டுபிடித்தவருக்குக் கதையை ஓட்டத் தெரியவில்லையே என்று எரிச்சலாக வந்தது. பேனாவைத் தூக்கிப் போட்டேன். அது கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. குனியக் கூடாது. பூபதி மோட்டார் பட்டறையிலிருந்து வரும் வரை பேனா இல்லாமல் கிடந்தேன்.

செப்டம்பர் 16

தாழை கல்லின் மேல். நான் கட்டிலின் மேல்.

செப்டம்பர் 21

ஆசிரியரிடம் முதல் முறையாகப் பேசினேன். வேலை நேரத்தில் செல்போன் பேசக் கூடாதாம். டூட்டி முடிந்து, அடுத்த ஆள் வந்தபிறகு கேட் அறைக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

“வணக்கம்மா. எடிட்டர் அம்மாதானே? படிச்சிட்டீகளா?”

முதல் பகுதி அருமை என்றேன். அந்த மாயம் மாதிரி நான் எங்கேயும் படித்ததில்லை என்றேன். சந்தோஷத்தில் அவர் சிரிப்பது கேட்டது. அந்த நேரம் பார்த்து, “அண்ணாச்சி, நடுவுல ரொம்ப இழுக்குது. இருநூறு பக்கம் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தா யார் படிப்பாங்க?” என்று போட்டேன்.

அவருக்குப் பின்னால் ஒரு மணி அடித்தது. யாரோ சத்தமாக, “நம்பர் நாப்பத்தேழு” என்றார்கள்.

“அது கேட் போனும்மா” என்றார். “ஸ்டேசன் மாஸ்டர் கூப்பிடுவாரு. நாங்க கேட்ட சாத்திட்டு ஒரு நம்பர் சொல்லணும். அவரும் ஒரு நம்பர் சொல்லுவாரு. ரெண்டு பக்கமும் எழுதிக்கிடணும். நம்பர் மாத்துனாத்தான் வண்டிய விடுவாக.”

“சரி, நடுப்பகுதி?”

“நீங்க படிச்சவுக. உங்களுக்குத் தெரியாததா. பாத்துச் செய்யுங்கம்மா.”

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. சண்டை போடத் தயாராக இருந்தேன், ஏமாற்றமாகப் போய்விட்டது.

செப்டம்பர் 30

வெட்டிக்கொண்டிருக்கிறேன். என்ன சுகம்! கொக்கு போச்சு. மழை போச்சு. மீன் கூடைக்காரி மூன்று முறை வந்தால் போதும், பதினேழு முறை எதற்கு? ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அழிக்கும்போது, அந்த நாள் கடந்துபோன மாதிரி இருக்கிறது. என் நாட்களையும் இப்படி யாராவது அழித்துத் தந்தால் நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போய்விடுவேன். அது எப்படிப்பட்ட அத்தியாயமாக இருந்தாலும் சரி என்று சொல்ல வந்தேன். சொல்ல மாட்டேன்.

பூபதி காலண்டரில் வாரம் ஏறும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போடுகிறார். நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறார்.

லாஃப்டில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. படுத்தால் நேரே கண்ணில் படுகிறது. அதை வேறு அறையில் வைக்கச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 3

பெட்டி அங்கேயே இருக்கிறது. எடுக்கச் சொன்னால் அதில் என்ன இருக்கிறது என்று பேச வேண்டி வரும்.

அக்டோபர் 14

ஒரு அத்தியாயத்தில் தாழை கல்லிலிருந்து எழுந்து நிற்கிறாள். ஒரு காலைக் கீழே வைக்கிறாள். பிறகு அந்தக் காலை எடுத்துவிட்டு மறுபடியும் உட்காருகிறாள். இதற்கு ஆறு பக்கம்! ஓரத்தில் ‘தேவையா?’ என்று எழுதி, முழுவதையும் தூக்கிவிட்டேன்.

நூற்றுத் தொண்ணூறு, இப்போது முப்பத்தெட்டு.

இடுப்பு வலிக்கிறது. இடது பக்கம் படுத்தால் தோள் மரத்துப்போகிறது. வலது பக்கம் படுக்காதே என்கிறார்கள். மயிலக்கா எள்ளுருண்டை கொண்டுவந்து, பிறகு எள் சூடு என்று அவரே அதைத் தின்றுவிட்டுப் போனார்.

அக்டோபர் 19

வெட்டிய பிரதியை ஆசிரியருக்கும் கதிரேசன் அண்ணாவுக்கும் அனுப்பினேன். சாயங்காலமே அண்ணா படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“மேகலா, புல்லட் மாதிரி போகுதும்மா! இதுதான் எனக்கு வேணும். பதினாறு பக்கத்துக்கு ஒரு பாரம்னா பதினைஞ்சு பாரத்துல முடிஞ்சிரும். அட்டைக்குச் சொல்லிட்டேன்.”

சந்தோஷமாக இருக்க வேண்டும். இருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசிக் கட்டத்தை மட்டும் ஒரு தரம் படித்தேன். போரில் கடல் பொங்கி ஊருக்குள் வருகிறது. தாழை தன் ஏழு வருட இருப்பை எல்லாம் ஒரே மூச்சில் செலவழித்துக் கடலைத் தடுக்கிறாள். முன்பின் தெரியாத ஜனங்கள் ஓடித் தப்பிக்கிறார்கள். அவளிடம் மீதி ஒன்றுமில்லை. விடிந்ததும் மறுபடியும் அதே கல்லில் போய் உட்காருகிறாள், முதல் நாளிலிருந்து.

முதலில் படித்தபோது அவசர அவசரமாக எழுதியது மாதிரி இருந்தாலும் மனதை என்னவோ செய்தது. இப்போது ஒன்றுமே செய்யவில்லை. களைப்பாக இருக்கலாம்.

அக்டோபர் 23

சரஸ்வதி பூஜை. பூபதி பட்டறையில் பூஜை முடித்துப் பொரிகடலையோடு வந்தார். மயிலக்கா வீட்டில் இருக்கிற புத்தகத்தையெல்லாம் அடுக்கிச் சந்தனம் வைத்தார். லேப்டாப்புக்கும் பொட்டு. என் படுக்கையோரம் கிடந்த ‘நெடுங்கரை’ கட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“அக்கா, அது வேலைக்கு வேணும்.”

“இன்னைக்குப் படிக்கப்படாதுங். நாளைக்குத்தான் எடுக்கோணும். ஒரு நாள் சும்மா இருந்தா என்னாயிரும், கொம்பா மொளைச்சிரும்?”

படிக்க ஒன்றுமில்லை. போனும் சார்ஜில். விரிசலைப் பார்த்தேன். பெட்டியைப் பார்த்தேன். எட்டு மணி நேரம் இப்படிப் போனது. உள்ளே ஒரு அசைவு. பிறகு இன்னொன்று. வேலை இருக்கும்போது இதையெல்லாம் கவனிக்காமல் இருந்துவிடலாம். இன்று வழியில்லை. பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 24

விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்துக் கொஞ்சமாவது படித்தாக வேண்டும் என்று மயிலக்கா கட்டை என் கையில் திணித்தார். அது வெட்டாத பழைய பிரதி. முதலில் அச்செடுத்தது. எங்கேயோ பிரித்தேன். ‘தாழை கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.’

மதியச் சோறு வரும் வரை நிறுத்தவில்லை.

நான் தப்புச் செய்துவிட்டேன். எத்தனையோ புத்தகம் பார்த்த நான், திரும்பத் திரும்ப வருகிறது என்றால் உடனே வெட்டுகிற என் கைப்பழக்கத்தில் தப்புச் செய்துவிட்டேன். எதுவும் திரும்ப வரவில்லை. முதல் அத்தியாயத்தில் கல் கூராக இருக்கிறது, குத்துகிறது. இருபதாவதில் தாழையின் பாவாடை தேய்த்து ஓரம் மழுங்குகிறது. நாற்பத்தொன்றில் அது அவள் உட்காருகிற அளவுக்குக் குழிந்துவிட்டது. மீன் கூடைக்காரி முதலில் இவளைப் பைத்தியம் என்கிறாள். ஏழாம் முறை நின்று பார்க்கிறாள். பதினேழாம் முறை ஒன்றும் பேசாமல் ஒரு மீனை வைத்துவிட்டுப் போகிறாள். நான் மூன்று முறை போதும் என்றேன்.

அவள் உடம்பில் சேருகிற இருப்பைப் படிக்கிறவரும் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் நூற்றுத் தொண்ணூறு பக்கம். சேர்க்காதவருக்கு, கடைசியில் அவள் எதைத் தூக்கிக் கொடுக்கிறாள் என்று எப்படித் தெரியும்? எனக்கு முதல் தடவை தெரிந்தது, ஏனென்றால் எரிச்சலோடாவது உட்கார்ந்து படித்திருந்தேன். எல்லாம் போய் மறுபடியும் முதல் நாளிலிருந்து உட்காருவது என்றால் என்ன என்று இந்த மனிதருக்கு யார் சொன்னது? எனக்கு அழுகையாக வந்தது. அழுதால் வயிறு இறுகும் என்று அடக்கிக்கொண்டேன்.

டூட்டி முடிகிற நேரம் பார்த்து நானே கூப்பிட்டேன். “அண்ணாச்சி, தாழை எழுந்து ஒரு காலைக் கீழே வைக்கிறாளே, அந்த ஆறு பக்கம். அதை எதுக்கு எழுதுனீங்க?”

“அதத்தான் வெட்டிட்டீகளேம்மா” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை.

“சொல்லுங்க.”

“பதினேழு வருசம் ஆச்சு. மத்தியானம். வண்டி வர நம்பர் மாத்தியாச்சு, கேட் சாத்தியாச்சு. ஒரு ஆட்டோ வந்து நிக்குது. உள்ள ஒரு பொண்ணு, பிரசவ வலி. அவ அண்ணன்காரன் எறங்கி ஓடியாந்து என் கையப் புடிச்சிட்டான். ஒரு நிமிசம் தொற, ஒரு நிமிசம் தொறன்னு. நம்பர் கொடுத்தபெறவு தொறக்கக்கூடாதும்மா. தொறந்தா வண்டிக்குள்ள இருக்கவுக, ரோட்டுல நிக்கவுக, எல்லாருக்கும் ஆபத்து. கேட்டு ஏத்துத கைப்பிடியில கைய வச்சேன். எடுத்தேன். மறுபடியும் வச்சேன். எடுத்துட்டேன். பதினோரு நிமிசம்மா. அந்தப் பொண்ணு கத்தவே இல்ல. வண்டி போச்சு. தொறந்தேன். ஆட்டோ போயிட்டு.”

“அப்புறம்?”

“தெரியலம்மா. எந்த ஊருன்னு விசாரிச்சிருக்கலாம். பயம். இந்தக் கதை எழுதுத நோட்டுல அன்னைக்கித் தேதி போட்டு ஒரு வரி மட்டும் வெறுமனே விட்டு வச்சிருக்கேன். பொழச்சிட்டாகன்னு யாராச்சும் வந்து சொன்னா எழுதிக்கிடலாம்னு. அந்தப் பதினோரு நிமிசம் வீணாப் போகலன்னு ஒரு நாடு இருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சேன். அதுல வந்ததுதான் இந்தக் கத.”

என்னைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை. வைத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 25

வயிறு இறுகுகிறது. எள்ளுருண்டை தின்னவே இல்லையே.

அக்டோபர் 28

மருத்துவமனை. மூன்று நாளாக இங்கேதான். ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை இறுக்கம், பிறகு பத்து, பிறகு இருபது. குழந்தையின் நுரையீரலுக்கு என்று இரண்டு ஊசி. தையல் தாங்குகிறதாம். டாக்டர், “இப்போ வந்தா கஷ்டம். இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் கணக்குதான்” என்றார்.

பூபதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாளாக அதே சட்டை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்றால், “நான் எந்திரிச்சுப் போனா ஏதாச்சும் ஆயிருமோன்னு இருக்குது மேகலா” என்கிறார். இவர் நாவலைப் படிக்கவில்லை. ஒரு வரி கூடப் படிக்கவில்லை.

அக்டோபர் 29

இறுக்கம் நின்றுவிட்டது. நாளை வீட்டுக்கு.

இசக்கியப்பன் கூப்பிட்டார். அன்றைக்கு ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று கேட்கத்தான். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். இந்தத் தடவை, அதற்கு முன் இரண்டு தடவை, லாஃப்டில் இருக்கிற பெட்டி, அதில் இருக்கிற சின்னச் சட்டைகள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லாததை ஒரு கேட் கீப்பரிடம் சொன்னேன். நடுப்பகுதியை நான் ஏன் வெட்டினேன் என்பதையும் சொன்னேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

“இது தெரியாம அன்னைக்கு உங்ககிட்டப் போயி அந்தக் கதையச் சொல்லிட்டனேம்மா” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வேலைக் குரலில் பேசினார். “எழுதிக்கிடுங்கம்மா. இந்தப் பக்கம் கேட் சாத்தியாச்சு. பாதையில ஒண்ணும் இல்ல. என் நம்பர் அறுவத்திரெண்டு. உங்க நம்பர் சொல்லுங்க.”

என்னிடம் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை.

“அப்புறம் தர்றேன் அண்ணாச்சி.”

“நிதானமாத் தாங்க. நான் எங்கயும் போவல.”

மருந்துச்சீட்டின் பின்பக்கம் 62 என்று எழுதிவைத்தேன்.

நவம்பர் 2

கதிரேசன் அண்ணாவிடம் சொன்னேன். கத்தினார்.

“என்ன மேகலா விளையாடுறியா? அட்டை வந்தாச்சு, முதுகு அகலம் பதினைஞ்சு பாரத்துக்குப் போட்டது! இப்போ வந்து இருபத்தஞ்சு பாரம்ங்கிற.”

“முதுகை மாத்தச் சொல்லுங்க. நான் வெட்டுனது தப்பு.”

“நீதானம்மா இழுக்குதுன்னு சொன்ன!”

“இழுக்கத்தான் செய்யுது. இழுக்கணும்.”

அந்தப் பக்கம் பெருமூச்சு. டிசம்பர் முதல் தேதிக்குள் முழுப் பிரதியும் கையில் இருந்தால் பார்க்கலாம், ஒரு நாள் பிந்தினாலும் இந்த ஜனவரி போய் அதற்கடுத்த ஜனவரிதான் என்றார். அதற்குள் இசக்கியப்பன் ரிட்டையர்டு ஆகிவிடுவார். கேட்டில் இருக்கும்போதே புத்தகம் வர வேண்டும் என்பது அவர் ஆசை.

படுத்துக்கொண்டே, வயிற்றில் தலையணை வைத்து அதன் மேல் லேப்டாப். வெட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கிறேன். நடுப்பகுதியில் ஒரு உப்பு வியாபாரி வந்து கதையளக்கிற பத்துப் பக்கம் மட்டும் திரும்பி வராது. அது உண்மையிலேயே மோசம். அவரும் ஒத்துக்கொண்டார்.

நவம்பர் 12

தீபாவளி. தெருவில் வெடிச் சத்தம். ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே ஒரு துள்ளல். பூபதி ஜன்னலை எல்லாம் சாத்திப் போர்வை தொங்கவிட்டார். மயிலக்கா எனக்குப் புதுச் சேலை வாங்கி வந்து போர்த்திவிட்டார், உடுத்த வேண்டாம், மேலே போட்டிருந்தால் போதும் என்று. நன்றி சொல்லத் தெரியாமல் திட்டிவிட்டேன்.

நவம்பர் 15

இசக்கியப்பனிடம் கேட்டேன். “கடைசி அறுபது பக்கத்தை ஏன் இப்படி ஓட்டுனீங்க? ஏழு வருஷம் உட்கார வச்சவர், போரை ஒரே ஓட்டமா முடிச்சிட்டீங்களே.”

“பயம்மா” என்றார். “தூரத்துல இருக்கத மட்டும் நல்லா எழுதிப்புட்டேன். கிட்ட வந்ததும் கண்ண மூடிக்கிட்டேன்.”

“கண்ணைத் தொறந்து எழுதுங்க. இருபது பக்கமாவது வேணும்.”

என்னிடமிருந்து இப்படி ஒரு அறிவுரை! மயிலக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

நவம்பர் 24

பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்புகிறார். கையெழுத்து ரயில் தண்டவாளம் மாதிரி நேராக இருக்கிறது. கடல் வருவதற்கு முன் தாழை கல்லை ஒரு தரம் கையால் தடவிப் பார்க்கிறாள். இந்த வரி பழைய பிரதியில் இல்லை. தட்டச்சு செய்யும்போது இரண்டு முறை நிறுத்தினேன்.

நவம்பர் 30

அனுப்பிவிட்டேன். நானூற்றுப் பத்துப் பக்கம். கதிரேசன் அண்ணா ‘சரி’ என்று ஒரே ஒரு சொல் அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து, ‘மீன்காரி அத்தியாயம் படித்தேன். நீ சொன்னதுதான் சரி. பேசாமல் இரு’ என்று இன்னொன்று.

இனி வேலை இல்லை. ஒளிந்துகொள்ள ஒன்றும் மீதி இல்லை. கட்டில், விரிசல், பெட்டி, நான். மணிக்கு ஒரு தரம் கடிகாரம் பார்க்கிறேன் என்று நினைத்தால் ஏழு நிமிடம்தான் ஆகியிருக்கிறது. போர்வையை உதைக்கிறேன், இழுத்துக்கொள்கிறேன். பூபதியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

டிசம்பர் 1

பூபதி காலண்டரில் கோடு போடுவது திங்கட்கிழமை. இன்று வெள்ளி. சும்மா போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

டிசம்பர் 2

பெட்டியைக் கீழே இறக்கச் சொன்னேன்.

பூபதி ஸ்டூல் போட்டு இறக்கினார். இரண்டு பேரும் திறந்தோம். துணியில் பழைய வாடை. மயிலக்கா எல்லாவற்றையும் அலசி வாசல் பக்கம் காயப்போட்டார். சின்னச் சின்னச் சட்டை கொடியில் ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பயமாக இருந்தது. எடுத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

டிசம்பர் 7

மருத்துவமனை. நான்காம் தேதி விடிந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நீர் உடைந்தது. வழியில் பூபதி மூன்று சிக்னலில் நின்றார். நான் ஒன்றிலும் கத்தவில்லை. தையலைப் பிரித்தார்கள். மதியம் ஒன்று நாற்பதுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு. பிறந்ததும் அழவில்லை. எல்லாரும் நின்றார்கள். பிறகு அழுதாள்.

மூன்று நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இன்று காலை என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். மயிலக்கா பார்த்துவிட்டு, “உன்ற மூக்குதாங் கண்ணு. கோவமும் உன்றதாட்டவே இருக்குது” என்றார். சிரித்தால் தையல் வலிக்கிறது, இது வேறு தையல்.

சாயங்காலம், அவர் டூட்டி முடிகிற நேரத்துக்குக் கூப்பிட்டேன்.

“அண்ணாச்சி, உங்க நம்பருக்கு நான் பதில் நம்பர் கொடுக்கவே இல்லை.”

“ஆமாம்மா. கேக்கப்படாதுன்னு இருந்தேன்.”

“எழுதிக்குங்க. முப்பத்தஞ்சு.”

நான் அந்த வாரக் கணக்கை இவ்வளவு சத்தமாகச் சொல்வேன் என்று நினைக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். குழந்தை சிணுங்கினாள். அது போனில் கேட்டிருக்க வேண்டும்.

“வண்டி வந்து நின்னபெறவு நம்பர் சொல்லுத ஆளு நீங்க ஒருத்திதாம்மா” என்றார். “அம்மாவும் புள்ளையும் சொகமா?”

“ரெண்டு பேரும் சுகம்.”

காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது.

“அண்ணாச்சி, அந்த வெறும் வரியிலயா எழுதுறீங்க?”

“இல்லம்மா. அது அந்தப் பொண்ணுக்குள்ளது. அது அப்படியே கெடக்கட்டும். அதுக்குக் கீழ எழுதுதேன்.”

எழுதி முடித்து, வழக்கப்படி ஒரு தரம் திருப்பிச் சொன்னார். முப்பத்தஞ்சு. சரி என்றேன்.